மண்வளையம் – 9: எழுபதாவது மோதல்

சென்ற வாரம் தானிகாசேயின் சாதனை உடைந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். பதினெட்டாம் நூற்றாண்டு சுமோ மல்லரான அவர், தொடர்ச்சியாக 63 மோதல்களில் யாரிடமும் விழாமல் நின்றவர். ஒன்றரை நூற்றாண்டாக அந்த எண்ணை எவரும் எட்டவில்லை. 1938 மே மாதம் ஃபுதாபயாமா அதைக் கடந்தார். போட்டி முடிந்தபோது அவருடைய கணக்கு 66.

புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காக அந்தக் கணக்கை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம்.

1936 ஜனவரிப் போட்டியின் ஆறாம் நாள், அன்றைய பெருமல்லர் தமானிஷிகியிடம் ஃபுதாபயாமா தோற்றார். ஏழாம் நாள் வென்றார். மிச்சமிருந்த நாட்களிலும் வென்றார். அது ஐந்து. அந்த ஆண்டு மே மாதம் 11 நாளும் வெற்றி. 1937 ஜனவரியில் மறுபடி 11. அதற்குள் அவரைப் பார்க்க வரும் கூட்டத்துக்கு 11 நாள் போதவில்லை. சுமோ சங்கம் போட்டியை 13 நாளாக நீட்டியது. அவர் பதின்மூன்றையும் வென்றார். 1938 ஜனவரியில் 13, மே மாதம் 13.

அன்று ஆண்டுக்கு இரண்டே பெரும் போட்டிகள். ஆகவே இந்த 66 வெற்றிகளுக்குப் பின்னால் இரண்டரை ஆண்டுகள் இருக்கின்றன. தொடங்கியபோது நடுத்தர வரிசையில் இருந்தவர், படிப்படியாக செகிவாகே, ஓசெகி என்று ஏறி, சுமோவின் உச்சப் பட்டமான யோகோசுனாவைத் தொட்டுவிட்டார். ஓசெகியாக இருந்த காலம் முழுவதும் அவர் ஒரு மோதலில்கூடத் தோற்கவில்லை.

இனி 1939 ஜனவரி.

*

அதற்கு முன் ஃபுதாபயாமாவின் வலது கண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இரண்டாம் பகுதியில் ஒரு வரியில் கடந்து வந்த விஷயம் அது. இன்றைய கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

ஓயிட்டா மாகாணத்தின் கடலோரத்தில் 1912ஆம் ஆண்டு பிறந்த சிறுவன் சதாஜி (பின்னாளில் ஃபுதாபயாமா), பள்ளிக்கூடம் போகும் வயதை ஒட்டி, விளையாட்டுத் தோழன் ஊதிய ஊதுகுழல் அம்பு பட்டு வலது கண் பார்வையை இழந்தான். தாய் சீக்கிரமே போய்விட்டார். அப்பாவின் கப்பல் தொழில் கடனில் மூழ்கியது. படகில் அப்பாவுக்கு ஒத்தாசையாக வேலை செய்தபோது வலது கைச் சுண்டுவிரல் இயந்திரத்தில் சிக்கிச் சிதைந்தது.

மல்லனாகப் போகிறவனுக்கு இந்த இரண்டுமே அடிமடியில் கைவைக்கிற இழப்புகள். சுமோவில் எதிராளியின் இடைக்கச்சையைப் பற்றுவதுதான் பாதி ஆட்டம். அந்தப் பிடியை இறுக்குவது கட்டைவிரல் அல்ல, சுண்டுவிரல். எதிராளி பாய்ந்து வரும் கணத்தை அளப்பதற்கோ இரண்டு கண்ணும் வேண்டும்.

ஃபுதாபயாமா இந்தக் குறைகளைச் சுற்றித்தான் தன் ஆட்டத்தைக் கட்டினார். வலது கையை எதிராளியின் அக்குளுக்குள் கொடுத்து, நல்ல விரல்களுள்ள இடது கையால் கச்சையை வெளியிலிருந்து பற்றி எறிவது அவருடைய பிரதான ஆயுதமாயிற்று. தான் முந்திப் பாயாமல், எதிராளியை வரவிட்டு, அவன் உடம்பு தன் உடம்பில் பட்ட பிறகு பதில் சொல்வது அவருடைய பாணியாயிற்று. எதிராளி எப்போது எழுந்தாலும் அவர் எழுந்துவிடுவார். ‘பொறு, நான் இன்னும் தயாராகவில்லை’ என்று கையைக் காட்டுகிற வழக்கமே அவரிடம் இல்லை. தடுமாறச் செய்யலாம் என்று முதல் குந்தலிலேயே திடீரென்று பாய்ந்து பார்த்தவர்களும் உண்டு. அதையும் வாங்கிக்கொண்டு திருப்பி எறிந்தார்.

பார்த்தவர்கள் இதைப் பெருந்தன்மை என்றார்கள். ஞானியின் நிதானம் என்று பத்திரிகைகள் எழுதின. நிதானம் இருந்தது உண்மைதான். ஆனால் கண்ணை நம்ப முடியாத ஒருவன் உடம்பை நம்பக் கற்றுக்கொண்டதே அந்த நிதானத்தின் வேர் என்று நான் நினைக்கிறேன். கண் விஷயத்தை அவர் ஆடிய காலம் முழுவதும் ஊருக்குச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அது வெளியே வந்தது.

*

1937 ஜூலையில் சீனாவோடு போர் மூண்டது. செய்தித்தாளின் ஒரு பக்கத்தில் படைகள் பிடித்த ஊர்களின் பெயர்கள் வந்தன, இன்னொரு பக்கத்தில் ஃபுதாபயாமா வீழ்த்தியவர்களின் பெயர்கள். இரண்டு பட்டியலும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. தோற்காத படை, தோற்காத மல்லர். அவர் விரும்பினாரோ இல்லையோ, அரசாங்கத்துக்கு அவர் ஒரு நடமாடும் விளம்பரமாகிவிட்டார்.

டோக்கியோவின் ரியோகோகு பகுதியில் 1909இல் எழுந்த கொகுகிகான் அரங்கை மக்கள் ‘பெரிய இரும்புக்குடை’ என்று அழைத்தார்கள். போட்டி நாட்களில் அதன் வாசலில் விடியும் முன்பே கூட்டம் நிற்கும். வானொலியில் சுமோ நேர்முக வர்ணனை 1928இல் தொடங்கியிருந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் கடைவீதி வானொலிப் பெட்டிகளைச் சூழ்ந்து நின்றார்கள்.

‘ஃபுதாபயாமா இன்று வெல்வாரா?’ என்று யாரும் கேட்டதில்லை. ‘எப்படி வென்றார்?’ என்பதுதான் கேள்வி.

*

1938 கோடையில் மல்லர்கள் கூட்டம் கூட்டமாக மஞ்சூரியா பக்கம் பயணப் போட்டிகளுக்குப் போனார்கள். படைவீரர்களை மகிழ்விக்கவும், குடியேறிய ஜப்பானியருக்குத் தாய்நாட்டை நினைவூட்டவும் நடந்த பயணங்கள் அவை. தண்ணீரும் சரியில்லை, உணவும் சரியில்லை. ஃபுதாபயாமாவுக்கு அமீபா வயிற்றுக்கடுப்பு பிடித்தது.

மல்லனுக்கு எடைதான் முதலீடு. ஆண்டுக்கணக்கில் தின்று, உறங்கி, உழைத்துச் சேர்த்த சதை சில வாரங்களில் கரைந்தது. ஊர் திரும்பியபோது அவரைப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். இலையுதிர் காலம் முழுக்கப் பயிற்சி சரியாக நடக்கவில்லை. ஜனவரிப் போட்டியிலிருந்து விலகி உடம்பைத் தேற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. நியாயமான எண்ணம். விலகியிருந்தால் 66 என்ற எண் அப்படியே மே மாதம் வரை காத்திருந்திருக்கும்.

டிசம்பர் 4ஆம் தேதி ஒசாகாவிலிருந்து ஒரு செய்தி வந்தது.

தமானிஷிகி இறந்துவிட்டார்.

*

இந்தத் தொடரில் தமானிஷிகிக்கு ஒரு தனிப் பகுதியே கொடுத்திருந்தோம். ஒன்பது முறை வாகை சூடிய யோகோசுனா. முரட்டு ஆள், முன்கோபி, ஆனால் வேறு பயிற்சிக் கூடத்துச் சிறுவன் என்று பாராமல் ஃபுதாபயாமாவை மண்ணில் புரட்டிப் புரட்டி வளர்த்தவர். 1936 மே மாதம் அந்தச் சிறுவனே அவரை முதன்முறையாக வீழ்த்தினான். அன்றோடு தலைமை கைமாறியது. அதற்குப் பிறகு தமானிஷிகியால் ஒருமுறைகூட அவனை வெல்ல முடியவில்லை.

பயணத்தில் இருந்தபோது குடல்வால் அழற்சி. வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார் என்கிறார்கள். மருத்துவர்கள் கையில் வந்தபோது காலம் கடந்துவிட்டது. ஆடிக்கொண்டிருந்த யோகோசுனாவாகவே அவர் போய்ச் சேர்ந்தார்.

அவர் வெறும் போட்டியாளர் மட்டுமல்ல. மல்லர்கள் தங்களுக்குள் வைத்திருந்த அமைப்பின் தலைவரும் அவரே. சங்கத்தோடு பேரம் பேசுவது, சச்சரவுகளைத் தீர்ப்பது, இளையவர்களைக் கட்டுக்குள் வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அந்தத் தலைமை இப்போது ஃபுதாபயாமாவின் தோளில் விழுந்தது.

மற்ற யோகோசுனாக்களின் நிலை என்ன? முசாஷியாமா காயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், ஆடியதைவிட ஓய்வில் இருந்ததே அதிகம். மினானோகாவா ஒருநாள் மலைபோல் நிற்பார், மறுநாள் சரிவார். தமானிஷிகியின் இடம் காலி. இந்த நிலையில் ஃபுதாபயாமாவும் விலகினால் ஜனவரிப் போட்டியில் கூட்டம் யாரைப் பார்க்க வரும்?

அவர் விலகவில்லை.

நண்பர்கள் இதைத் தவறு என்றார்கள். இன்று படிக்கிற நமக்கும் அப்படித் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் சாதனையைப் பெட்டியில் பூட்டி வைத்துப் பாதுகாக்கிற ஆளாக அவர் இருந்திருந்தால், முதலில் 66 வந்திருக்கவே வந்திருக்காது.

*

இதே மாதங்களில் டோக்கியோவின் வேறொரு கூரையின் கீழ் இன்னொரு தயாரிப்பு நடந்துகொண்டிருந்தது.

டெவானோஉமி கூடம் அன்றைய சுமோவின் பெரிய வீடு. அன்றைய முறைப்படி ஒரே அணியைச் சேர்ந்த கூடத்து மல்லர்கள் தங்களுக்குள் மோதுவதில்லை. ஃபுதாபயாமாவின் தட்சுனாமி கூடம் எதிரணி. ஆகவே ஒவ்வொரு போட்டியிலும் அவர் முன்னால் வந்து விழுந்தவர்களில் பெரும்பாலோர் டெவானோஉமி ஆட்கள். மூன்று ஆண்டுகளாக அந்த வீட்டுக்கு இது மானப்பிரச்சினை.

இதில் ஒரு பழைய கணக்கும் உண்டு. 1932 ஜனவரியில் ஷுன்ஜுஎன் என்ற சீன உணவகத்தில் கூடி, சங்கத்தை எதிர்த்து வெளியேறிய மல்லர்களை நினைவிருக்கிறதா? அவர்களில் மேல்வரிசைக்காரர்கள் எல்லாரும் டெவானோஉமி கூடத்தவர்கள். அவர்கள் விட்டுப்போன காலியிடங்களை நிரப்ப அவசரமாக மேலே தூக்கப்பட்டவர்களில் ஒருவர்தான் இருபது வயது ஃபுதாபயாமா. கதவைத் திறந்துவிட்டதே அந்தக் கூடம். அதை மூடும் வேலையும் அவர்களிடமே வந்தது.

அந்த வேலையின் மூளை கசாகியாமா. வசேடா பல்கலைக்கழகத்துப் பட்டதாரி. மல்லர்களிடையே பட்டதாரி என்பதே அன்று அதிசயம். அவர் பலத்தால் ஃபுதாபயாமாவை வெல்ல முடியாது என்பதை அனுபவத்தில் அறிந்தவர், தன் வாழ்நாளில் ஒருமுறைகூட அவரை வென்றதில்லை. ஆகவே யோசித்தார். கூடத்து ஆட்களை உட்காரவைத்து ஃபுதாபயாமாவின் மோதல்களை அலசினார். அவர் எங்கே நிற்கிறார், எடை எந்தக் காலில் இறங்குகிறது, எறியும்போது எந்தக் கால் தனித்துவிடுகிறது?

கூட்டிக் கழித்து அவர்கள் வந்து சேர்ந்த இடம் வலது பக்கம். வலது காலைக் குறிவை. நெருங்கி ஒட்டிக்கொள், வலது காலைப் பிடி அல்லது கொக்கி போடு.

அந்தக் காலுக்கு நேர் மேலேதான் பார்வையற்ற கண்.

திட்டம் போட்ட மூளையால் அதை நிறைவேற்ற முடியாது. அதற்கு ஓர் இளம் உடம்பு வேண்டும். ஹிரோஷிமாக்காரரான அகினோஉமிக்கு அப்போது வயது 24, நடுத்தர வரிசையில் மூன்றாம் இடம். பெரிய உடம்பு இல்லை, சுறுசுறுப்பும் ஒட்டிக்கொண்டால் விடாத குணமும் உண்டு. அந்த வீட்டில் நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பாடத்தை அவர் மனப்பாடம் செய்திருந்தார்.

*

ஜனவரி 12, வியாழக்கிழமை. போட்டி தொடங்கியது. முதல் நாள் ஃபுதாபயாமா வென்றார். இரண்டாம் நாளும் வென்றார். மூன்றாம் நாளும்.

69.

மெலிந்திருக்கிறார் என்று கூர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. ஆனால் வெற்றி ஒரு நல்ல மேலாடை, அதற்குள் விலா எலும்பு தெரிவதில்லை.

ஜனவரி 15, ஞாயிற்றுக்கிழமை, நான்காம் நாள். கடைப் பையன்களுக்கும் வேலைக்காரச் சிறுவர்களுக்கும் ஆண்டில் இரண்டே முறை கிடைக்கிற விடுமுறைக் காலம் அது. அரங்கம் கூரை வரை நிரம்பியது. எழுபதாவது வெற்றியைப் பார்த்தேன் என்று ஊரில் போய்ச் சொல்லலாம் என்பதற்காகவே வந்தவர்கள் ஏராளம்.

ஃபுதாபயாமாவும் அகினோஉமியும் மண்மேடையில் ஏறினார்கள். உப்பை வீசினார்கள். குந்தினார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், எழுந்து மீண்டும் உப்புக்குப் போனார்கள். வானொலி வந்த பிறகு இந்தச் சடங்குக்குப் பத்து நிமிட வரம்பு விதித்திருந்தார்கள். அந்தப் பத்து நிமிடமும் கூட்டத்துக்குப் பழகிப்போன காட்சிதான்.

பிறகு இருவரும் எழுந்தார்கள்.

அகினோஉமி தலையைத் தாழ்த்தி ஃபுதாபயாமாவின் மார்பில் புதைத்தார். கச்சையின் முன்பகுதியைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டார். தள்ளிவிட்டு விலகி ஓடுகிற ஆட்டம் இல்லை இது. உடும்புப் பிடி.

வழக்கமாக இந்த இடத்தில் ஃபுதாபயாமா பொறுத்திருப்பார். இடது கைப் பிடி கிடைக்கும் வரை நிற்பார், எதிராளி களைப்பான், பிறகு எறிவார். அன்று அவர் பொறுக்கவில்லை. உடம்பு பொறுக்கவிடவில்லை என்றும் சொல்லலாம். வலது கையை உள்ளே கொடுத்து, கச்சையைப் பிடிக்காமலேயே, அகினோஉமியை அள்ளி எறியப் பார்த்தார்.

எறிகிறவன் உடம்பைத் திருப்புகிற அந்த நொடியில்தான் அவன் கால் தனித்துவிடும்.

அகினோஉமியின் இடது கால் வெளிப்புறமாகச் சுற்றிவந்து ஃபுதாபயாமாவின் வலது காலில் கொக்கியாக மாட்டியது.

அதோடு முடிந்துவிடவில்லை. இதைப் போலப் பத்துக் கொக்கிகளை ஃபுதாபயாமா உதறித் தள்ளியிருக்கிறார். மாட்டிய காலை விடுவித்துக்கொண்டு நிலைக்கு வருவதற்குப் பதிலாக, எறிந்தே தீருவது என்று மறுபடி அள்ளினார். முன்பு இருந்த உடம்பாக இருந்தால் எறிந்திருப்பார். கரைந்துபோன அந்தக் கிலோக்கள் அங்கே அவருக்கு இல்லை. சமநிலை போயிற்று. யோகோசுனாவின் உடம்பு சாய்ந்தது.

விழுந்தார்.

நடுவரின் விசிறி அகினோஉமியின் பக்கம் உயர்ந்தது.

*

வானொலியில் வர்ணனை செய்துகொண்டிருந்தவர் வாடா ஷின்கென். எழுபதாவது வெற்றிக்கான சொற்களைத் தயார் செய்துவைத்திருந்தவர். கண்ணால் பார்த்ததை அவரே நம்பாமல், பக்கத்திலிருந்த சக வர்ணனையாளரிடம் ‘விழுந்தது ஃபுதாபயாமாதானே?’ என்று கேட்டு உறுதி செய்துகொண்டதாக ஒரு கதை உண்டு. அதன் பிறகு அவர் குரல் தோல்விச் செய்தியைத் திரும்பத் திரும்பச் சொன்னது. (ஆறரை ஆண்டுகள் கழித்து, 1945 ஆகஸ்ட் 15 அன்று, பேரரசரின் சரணடைதல் உரைக்கு முன்னால் நாட்டு மக்களை எழுந்து நிற்கச் சொன்ன குரலும் இதே வாடாவின் குரல்தான்.)

அரங்கத்தில் இடி விழுந்ததுபோல் ஆயிற்று. உட்காரும் மெத்தைகள் பறந்தன. புகையிலைத் தட்டுகள் பறந்தன, கையில் கிடைத்ததெல்லாம் பறந்தன. மகிழ்ச்சியா கோபமா என்று வீசியவர்களுக்கே தெரிந்திருக்காது. பத்திரிகைகள் அவசரச் சிறப்பிதழ் போட்டன. அதுவரை போர்ச் செய்திகளுக்கு வந்த சிறப்பிதழ்கள்.

இத்தனைக்கும் நடுவே ஃபுதாபயாமா எழுந்தார். தன் இடத்துக்குப் போனார். வென்றவருக்கு முறைப்படி வணங்கினார். வென்ற நாட்களில் எப்படி இறங்கி நடப்பாரோ அப்படியே மேடையிலிருந்து இறங்கி நடைபாதை வழியே போனார். முகத்தில் எதுவும் மாறவில்லை என்று அருகில் இருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அகினோஉமிக்கோ கால் தரையில் பாவவில்லை. கூடத்துக்குத் திரும்ப வழியெல்லாம் கூட்டம். அங்கே பெரியவர் ஒருவர் அவரிடம் சொன்னதாக ஒரு பேச்சு சுமோ உலகில் இன்றும் வழங்குகிறது. வென்றதற்காக ஊர் கொண்டாடுகிற மல்லனாக இருப்பதில் ஒன்றுமில்லை, நீ தோற்றால் ஊர் அதிர வேண்டும், அப்படிப்பட்டவனாக ஆகிக் காட்டு என்பது அதன் சாரம். அகினோஉமி பின்னாளில் யோகோசுனா ஆனார். ஆனால் ஃபுதாபயாமாவை அவர் மறுபடி ஒருமுறைகூட வெல்லவில்லை. அவருடைய பெயரைச் சரித்திரம் வைத்திருப்பது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக.

*

அன்று இரவு டோக்கியோவில் வாழும் ஓயிட்டாக்காரர்கள் தங்கள் ஊர்ப் பிள்ளைக்கு ஒரு விருந்து ஏற்பாடு செய்திருந்தார்கள். முன்பே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி. வரமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வந்தார். எப்போதும்போல உட்கார்ந்திருந்தார். ஆறுதல் சொல்ல வந்தவர்களே தடுமாறினார்கள்.

மனசுக்குள் என்ன நடந்தது என்பதை ஒரு தந்தி காட்டிக்கொடுத்தது.

யசுவோகா மசாஹிரோ என்ற சீனத் தத்துவ அறிஞரிடம் ஃபுதாபயாமாவுக்கு மரியாதை அதிகம். அவர் முன்பொருமுறை சுவாங் சூவின் பழைய கதை ஒன்றை இந்த இளைஞருக்குச் சொல்லியிருந்தார். சேவற்கட்டில் பித்துப் பிடித்த ஓர் அரசன், தன் சேவலைப் பழக்க ஒரு நிபுணனிடம் கொடுத்தான். பத்து நாள் கழித்து ‘தயாரா?’ என்று கேட்டான். ‘இல்லை, வீண் முறுக்கு இருக்கிறது.’ இன்னும் பத்து நாள். ‘இல்லை, வேறு சேவலின் குரல் கேட்டாலே பரபரக்கிறது.’ இன்னும் பத்து நாள். ‘இல்லை, கண்ணில் இன்னும் சினம் இருக்கிறது.’ நாற்பதாம் நாள் நிபுணன் சொன்னான்: ‘இப்போது தயார். எது கூவினாலும் அசைவதில்லை. பார்த்தால் மரத்தில் செதுக்கியது போலிருக்கிறது. மற்ற சேவல்கள் இதைக் கண்டதுமே திரும்பி ஓடுகின்றன.’

69 வெற்றிகளின் காலம் முழுக்க இந்த மரச்சேவல்தான் ஃபுதாபயாமாவின் லட்சியம்.

தோல்விக்குப் பிறகு அவர் அனுப்பிய தந்தி, கப்பலில் ஐரோப்பா போய்க்கொண்டிருந்த யசுவோகாவுக்கு எட்டியது. அதில் இருந்தது ஒரே வாக்கியம்: ‘நான் இன்னும் மரச்சேவல் ஆகவில்லை.’

இந்தத் தந்தியைப் பலரும் அடக்கத்தின் இலக்கணமாகக் காட்டினார்கள். அடக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. எனக்கு அதில் ஒரு கறாரான தொழில்முறைக் கணிப்பும் தெரிகிறது. அவர் வயிற்றுக்கடுப்பைச் சாக்காகச் சொல்லவில்லை. எதிராளியின் அதிர்ஷ்டம் என்றும் சொல்லவில்லை. கொக்கி மாட்டிய பிறகும் எறிந்தே தீருவேன் என்று இரண்டாம் முறை அள்ளினாரே, அந்த அவசரத்தைத்தான் குறிப்பிடுகிறார் என்று எனக்குப் படுகிறது. மரச்சேவல் அந்த இடத்தில் அள்ளியிருக்காது.

*

ஒரு தோல்வியோடு கதை நின்றிருந்தால் அது அழகான கதையாக இருந்திருக்கும். நிற்கவில்லை.

ஐந்தாம் நாள் எதிரே வந்தவர் ரியோகோகு. அரங்கம் இருக்கும் பகுதியின் பெயரையே மல்லப் பெயராகக் கொண்டவர், அதுவும் டெவானோஉமி கூடத்தவர். 1936இல் வேறு பெயரில் ஆடிக்கொண்டிருந்தபோது, அந்த ஏழாம் நாளில், 69இன் முதல் வெற்றியை ஃபுதாபயாமாவுக்குக் கொடுத்தவர் இவர்தான். 1938இல் ஒருமுறை வெற்றி யாருக்கு என்று தீர்ப்பு சொல்ல முடியாமல் மறுமோதல் வரை ஃபுதாபயாமாவை இழுத்துச் சென்றவரும் இவரே. இந்த முறை மறுமோதல் தேவைப்படவில்லை. ஃபுதாபயாமா தோற்றார்.

ஆறாம் நாள் கஷிமானாடா. மறுபடி தோல்வி.

மூன்று ஆண்டுகள் தோல்வியே அறியாதவர், மூன்று நாளில் மூன்று முறை விழுந்தார். ஒன்பதாம் நாள் தமானோஉமியிடமும் தோற்றார். இறந்துபோன தமானிஷிகியின் கூடத்து ஆள் அவர். 13 நாள் முடிவில் ஒன்பது வெற்றி, நான்கு தோல்வி. வாகை சூடியவர் டெவாமினாட்டோ. மேல்வரிசையின் அடிப்பகுதியில், பதினேழாம் இடத்தில் கிடந்தவர், பதின்மூன்று நாளும் வென்று கோப்பையைத் தூக்கினார். அவரும் டெவானோஉமி கூடம்தான். கசாகியாமாவின் வகுப்பு நன்றாகவே வேலை செய்திருந்தது.

இங்கே ஒரு விதியைச் சொல்லவேண்டும். சுமோவில் மற்ற எல்லாப் படிகளிலிருந்தும் கீழே இறங்கலாம். ஓசெகி தோற்றால் இறக்குவார்கள், பிறகு ஏறிக்கொள்ளலாம். யோகோசுனாவுக்கு இறக்கம் கிடையாது. அந்தப் பட்டத்துக்குத் தகுந்தபடி ஆட முடியவில்லை என்றால் ஒரே வழிதான், உச்சிக்குடுமியை வெட்டிக்கொண்டு களத்தைவிட்டுப் போவது.

ஃபுதாபயாமாவுக்கு இன்னும் 27 வயது நிறையவில்லை. எடை திரும்பவில்லை. வலது காலைப் பற்றிய பாடம் இப்போது எல்லாக் கூடங்களுக்கும் தெரிந்துவிட்டது. ‘முடிந்தது’ என்று முணுமுணுப்பவர்கள் பெருகினார்கள்.

சுமோ சங்கம் இதற்கிடையே ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அடுத்த மே மாதப் போட்டி 13 நாள் அல்ல, 15 நாள். வரலாற்றிலேயே நீண்ட போட்டி.

பதின்மூன்று நாளைத் தாங்காத அந்த உடம்பு பதினைந்து நாளைத் தாங்குமா? தாங்கினாலும், வலது காலைக் குறிவைத்துக் காத்திருக்கும் டெவானோஉமி கூடத்துக்கு அவர் கையில் வைத்திருந்த பதில் என்ன?

(அடுத்த வாரம்: மே 1939)